நாற்பத்தொரு விநாடி மௌனம்

பிரியந்தினி கேட்டது தன்னுடைய சொந்தக் கீபோட்டை. பேரவை அதை ஒரு விண்ணப்பமாக ஏற்றுக்கொண்டது. வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது.

ஆடி மாதத்தில் கூரைத் தகரத்தைக் கிளப்பும் சோளகக் காற்றின் பெயரை வைத்துக்கொண்ட இசைக்குழு "சோளகம்". அதை யாழ்ப்பாணத்துக்கு வெளியே அறிந்தவர்கள் குறைவு. உள்ளே அறிந்தவர்கள் அதைவிடக் குறைவு. உரும்பிராயில் ஒரு வெங்காயக் கொட்டிலில் 2011ஆம் ஆண்டு பிறந்த குழு. வாசித்தது புறோகிறசிவ் றொக். அதாவது, ஒரு பாட்டு இருபது நிமிடம் போகும். முதல் எட்டு நிமிடத்துக்கு ஒரு சொல்லும் வராது. தாளம் ஏழில் தொடங்கி, பதினொன்றுக்குப் பாய்ந்து, ஐந்தில் வந்து மூச்சு வாங்கும். கலியாண வீட்டில் இவர்களை வாசிக்க விட்டால் மாப்பிள்ளையும் பொம்பிளையும் மாலை மாற்றி, படம் எடுத்து, சாப்பிட்டுக் கையும் கழுவிவிடுவார்கள். பாட்டு அப்போதுதான் சூடு பிடிக்கும். ஆகவே ஒருவரும் கூப்பிடவில்லை. ஒன்பது வருடத்தில் பதினொரு பாட்டுகள், ஆறு மேடைகள். பிறகு பேஸ் கிற்றார் வாசித்த சிமியோன் கடலுக்கும், ட்றம்ஸ் அடித்த ஜெயசுதன் தோட்டத்துக்கும், பிரியந்தினி ஆஸ்பத்திரி வீதிப் பாமசி ஒன்றுக்கும் முழுநேரமாகப் போய்விட, சோளகம் சொல்லாமல் கொள்ளாமல் அடங்கிற்று.

அடங்கிய பிறகுதான் அதற்கு மவுசு வந்தது. யாரோ பழைய பதிவுகளை இணையத்தில் ஏற்ற, கேட்டு உருகிய நூற்றுச் சொச்சம் பேர் ஒன்றுகூடினார்கள். யாழ்ப்பாணத்தில் நூறு பேர் ஒன்றுகூடினால் சும்மா கலைந்துபோகும் வழக்கம் கிடையாது. "சோளகம் இரசிகர் பேரவை" உருவானது. அறுபத்துநான்கு பக்கத்தில் யாப்பு. தலைவர், இரண்டு உபதலைவர், செயலாளர், ஏழு போசகர்கள். போசகர்களில் ஐந்து பேர் பாட்டைக் கேட்டதில்லை. அதனால் அவர்கள் நடுநிலையானவர்கள் என்று பெயர். லண்டனில் ஒரு கிளை. ரொறன்ரோவில் ஒரு கிளையும், அதிலிருந்து கோபித்துக்கொண்டு பிரிந்த இன்னொரு கிளையும்.

இத்தனை பேருக்கும் வேலை ஒன்றுதான். சோளகத்தின் எந்தக் காலம் பொற்காலம் என்று நிர்ணயிக்க வேண்டும். றமேஸ் என்பவர் பாடியது முதற்காலம். அவர் கனடா போன பிறகு பாடகரே இல்லாமல், பிரியந்தினி கீபோட்டுடன் வந்து சேர்ந்தது இரண்டாங்காலம். கடைசி ஒன்றரை வருடம் நாலு நிமிடப் பாட்டுகள் செய்து பார்த்தது மூன்றாங்காலம். முதற்காலத்தாரும் இரண்டாங்காலத்தாரும் ஒருவர் வீட்டுக் கலியாணத்துக்கு மற்றவர் போவதில்லை. மூன்றாங்காலத்தை ஆதரித்தவர் பிரவீணன் என்ற ஒரேயொரு மனிதர். கூட்டங்களில் அவருக்கு வாசலோரம் ஒரு தனிக் கதிரை போடப்படும்.

பேரவையின் காரியாலயம் நல்லூரில் ஒரு ரியூசன் சென்ரரின் மேல்மாடி. 2020இல் அங்கே ஒரு கண்காட்சி வைத்தபோது, இரண்டு கிழமைக்கென்று பிரியந்தினி தன் கீபோட்டைக் கொடுத்திருந்தாள். ஐந்து வருடம் கழித்து அவள் படியேறிப் போய்ப் பார்த்தபோது அது ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. நெற்றி என்று எதை நினைத்தார்களோ, நடு ஸ்வரத்துக்கு மேலே சந்தனப் பொட்டு. பிளாஸ்ரிக் மாலை. கீழே ஒரு மட்டை: "தொடாதீர்கள். இரண்டாங்காலத்துச் சர்ச்சைக்குரிய பொருள்."

தலைவர் தியாகலிங்கம் மேசைக்குப் பின்னால் இருந்தார். ஓய்வுபெற்ற பிரதி அதிபர். பள்ளிக்கூடத்தை விட்டு வந்தாலும் மேசை மணியை விட்டு வரவில்லை. எங்கே போனாலும் அந்தப் பித்தளை மணி கையிலேயே இருக்கும்.

"என்ரை கீபோட் ஐயா. ரண்டு கிழமைக்கெண்டு தந்தனான். கொண்டுபோக வந்திருக்கிறன்."

"உம்மடை எண்டு எப்பிடிச் சொல்லுறீர் பிள்ளை?"

"நான்தானே ஐயா வாங்கினது. நான்தானே வாசிச்சது."

"அது அந்தக் காலம்," என்றார் தலைவர், பெருந்தன்மையோடு. "இப்ப ஏன் தேவைப்படுது?"

பிரியந்தினி விளக்கினாள். மூன்று பேரும் ஏழு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கொட்டிலிலேயே கூடி ஒரு புதுப் பாட்டு செய்திருக்கிறார்கள். இருபத்துநாலு நிமிடம். பெயர் "தொண்டைமானாறு". உப்பாறு ஐந்தில் வரும், கடல் ஏழில் வரும், கடைசியில் இரண்டும் முட்டிக்கொள்ளும். அதற்கு வேண்டிய ஒலிகளெல்லாம் அவள் ராத்தூக்கம் கெட்டு அந்தக் கீபோட்டுக்குள் செய்து வைத்தவை, வேறெதிலும் வராது. ஜெயசுதனுக்கு ருமேனியாவில் வேலை சரிவந்துவிட்டது. ஓகஸ்ட் பத்தாம் திகதி விடியப் பயணம். அதற்குள் ஒருதரமாவது சனத்துக்கு முன்னால் வாசிக்க வேண்டும். இல்லாவிட்டால் இல்லைத்தான்.

தலைவரின் முகம் கறுத்தது. "புதுப் பாட்டோ?"

"ஓம் ஐயா."

"யாப்பிலை மூண்டு காலம்தான் இருக்கு. நீங்கள் நாலாவதா ஒண்டைக் கொண்டந்தால் அதை நாங்கள் எங்கை வைக்கிறது? அஞ்சு வருசமா மண்டையை உடைச்சுக்கொண்டு ஒரு முடிவுக்கு வாற நேரத்திலை, கேக்காமல் கொள்ளாமல் பாட்டுச் செய்திருக்கிறியள்."

"பாட்டுச் செய்ய ஆரைக் கேக்கிறது ஐயா?"

தலைவர் யாப்பைப் பிரித்து ஒரு பிரிவைக் காட்டினார். கண்ணாடிப் பெட்டியைத் திறக்கும் உரிமை தராதரம் பெற்ற உறுப்பினருக்கு மட்டுமே உண்டு. தராதரம் பெற ஒரு பரீட்சை. அதற்குக் கீழ்மாடியில் சனி, ஞாயிறு வகுப்பும் நடக்கிறது. தலைவரே படிப்பிக்கிறார்.

பிரியந்தினி பரீட்சை எழுதினாள். சிரிப்பதற்கு ஒன்றுமில்லை, கீபோட் வேண்டுமே. நாற்பது பேர் வகுப்பு வாங்குகளில் உட்கார்ந்திருக்க, பிட்டுத் தாள் தேடும் மேற்பார்வையாளர் நடமாட, தன்னுடைய வாழ்க்கையைப் பற்றிய கேள்விகளுக்கு அவள் விடை எழுதினாள். பதினேழாம் கேள்விக்கு மட்டும் இருபது புள்ளிகள்: "'பண்ணைப் பாலம்' பாடலின் ஒன்பதாம் நிமிடத்தில் வரும் நாற்பத்தொரு விநாடி மௌனத்தின் உட்பொருளை விளக்குக."

அவளுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. 2016. குருநகர் மைதானம். பாட்டு நடுவில் எல்லாம் பொத்தென்று நின்றது. இருட்டில் ஜெயசுதன் ட்றம்ஸ் தடியைத் தவறவிட்டுக் கதிரைக்குக் கீழே துழாவினான். அவன் தடியைக் கண்டெடுத்ததும் லைற் வந்ததும் சரியாக இருந்தது. விட்ட இடத்தில் தொடங்கினார்கள். அவள் எழுதினாள்: "கறண்ட் போனது."

புள்ளி பூச்சியம். பக்கத்தில் சிவப்புப் பேனையால் "மேலோட்டமான பார்வை" என்று எழுதியிருந்தது. மாதிரி விடை இரண்டு பக்கம். முதல் பதினேழு விநாடியும் இழப்பு, முப்பது வரை ஏற்பு, மிச்சம் எழுச்சி. பிரவீணனுக்குத் தொண்ணூற்றொன்று. பிரியந்தினிக்கு முப்பத்துநாலு, பரீட்சையில் சித்தியில்லை.

விடைத்தாளோடு திரும்பவும் மேல்மாடிக்கு ஏறினாள். "ஐயா, அண்டைக்கு மேடையிலை நிண்டது நான். கறண்ட் போனதுதான்."

"அதுதான் பிள்ளை பிரச்சினை," என்றார் தலைவர், உண்மையான இரக்கத்தோடு. "வாசிச்ச ஆக்கள் உள்ளுக்கை நிண்டு பாத்தவை. நாங்கள் வெளியிலை நிண்டு பாத்தனாங்கள். முழுசா ஆருக்குத் தெரியும்? உம்மடை விடையை நான் சரியெண்டால், இந்தச் சென்ரரிலை மூண்டு வருசமாப் படிச்ச பிள்ளையளின்ரை கதி என்ன?"

மேன்முறையீட்டைப் பொதுக்கூட்டத்துக்குக் கொண்டுவரலாம் என்றார். பொதுக்கூட்டம் யூலை பத்து, பௌர்ணமிப் போயா லீவு. நிகழ்ச்சி நிரலில் பத்தொன்பதாவதாக, "ஏனைய விடயங்கள்" என்பதன் கீழே அவளைப் போட்டார்கள்.

மூன்று மணிக் கூட்டம் நாலேகாலுக்குத் தொடங்கியது. மங்கள விளக்கை ஒன்பது பேர் ஏற்றினார்கள். இறைவணக்கம், அகவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை. பொன்னாடை போர்த்தியவர்கள் பொன்னாடை போர்த்தியவர்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு லண்டன் போசகர் திரையில் தோன்றினார். அவர் தன்னுடைய ஒலிவாங்கியைத் திறக்க மறந்துவிட்டார். அவ்வளவு பெரிய மனிதரிடம் அதைச் சொல்வது மரியாதையில்லை என்று எல்லோரும் இருந்தார்கள். இருபத்தாறு நிமிடம் அவருடைய வாய் அசைந்தது. அவர் கையை உயர்த்திய இடத்திலெல்லாம் சபை கைதட்டியது. செயலாளர் தாரிகா, பல்கலைக்கழகம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளை, குறிப்பேட்டில் எழுதினாள்: "போசகர் ஆழமான உரை ஒன்றை நிகழ்த்தினார்." எழுதிவிட்டுப் பிரியந்தினியைப் பார்த்தாள். பார்த்த வேகத்தில் குனிந்துகொண்டாள்.

வாக்கெடுப்பு நடந்தது. முதற்காலத்துக்கு ஐம்பத்தொன்று. இரண்டாங்காலத்துக்கு ஐம்பது. மூன்றாங்காலத்துக்கு, வாசலோரத்திலிருந்து, ஒன்று. முதற்காலமே பொற்காலம் எனத் தலைவர் மணியடித்துப் பிரகடனம் செய்ய, இரண்டாங்காலத்தார் ஐம்பது பேரும் எழுந்து, வடையையும் தேத்தண்ணியையும் முடித்துக்கொண்டு, வெளிநடப்புச் செய்தார்கள்.

"ஐயா, என்ரை கீபோட்?" பிரியந்தினி எழுந்து நின்று கேட்டாள்.

"அடுத்த வருசக் கூட்டத்திலை முதல் விசயமா எடுப்பம் பிள்ளை."

"அடுத்த வருசம் ஜெயசுதன் ருமேனியாவிலை ஐயா."

"அதையும் குறிப்பிலை ஏத்துவம்," என்று சொல்லித் தலைவர் மணியை அடித்தார்.

இரண்டு நாள் கழித்து, பாமசியால் ஸ்கூட்டரில் வந்த பிரியந்தினி குருநகர்ச் சந்தியில் பிரேக் பிடித்தாள். மின்கம்பத்தில் கறுப்புக் கரை போட்ட பெரிய பனர். "கண்ணீர் அஞ்சலி. மலர்வு 2014. உதிர்வு 2025.07.10. எங்கள் இதயங்களில் என்றும் வாழும் இரண்டாங்காலம்." எழுத்துகள் சிறியவை. படம் பெரியது. படத்தில் நடுவில், வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு, பிரியந்தினி.

தோற்ற அணி தன் காலத்துக்குச் செத்தவீடு கொண்டாடுகிறது என்பது அவளுக்கு விளங்க ஒரு நிமிடம் சென்றது. ஊருக்கு அது விளங்கவேயில்லை. கறுப்புக் கரையும் முகமும் கண்டால் மிச்சத்தை வாசித்துக்கொண்டு நிற்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது. வீடு எங்கே என்றுதான் கேட்போம். அவள் வீட்டுக்குப் போனபோது ஒழுங்கையில் நாற்பது பேர். வாடகைக் கதிரைக்காரன் ஐம்பது கதிரைகளை இறக்கிவிட்டு, கொட்டகை எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு நின்றான். பாசையூர் மாமி படலையைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்க, பிரியந்தினியின் தாய் லூர்த்தம்மா செய்வதறியாமல் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மாமி, நான் இங்கை நிக்கிறன்," என்றாள் பிரியந்தினி.

மாமி அவளைத் தடவிப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள். "சரி, வந்தது வந்தாச்சு, கொஞ்சநேரம் இருந்திட்டுப் போறம்," என்று கதிரையில் அமர்ந்தாள். மற்றவர்களும் அமர்ந்தார்கள். ஒருவரும் வெறுங்கையோடு வரவில்லையாகையால், அன்றைக்கு வீட்டில் பதினெட்டுப் பக்கற் சீனி சேர்ந்தது.

அதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் ஓகஸ்ட் முதற் கிழமையில் வாசிப்பதற்கு மைதானம் தருவதாகச் சொல்லியிருந்த விளையாட்டுக் கழகத்தார் பின்வாங்கினார்கள். கழகத்தின் பொறுப்பாளர் கிறகோரி வாசலில் நின்றபடியே சொன்னார்: "முப்பத்தொண்டு கழியட்டும் தங்கச்சி. செத்த மாசத்திலை மேடை போட்டுப் பாட்டு வைச்சால் சனம் என்ன கதைக்கும்?"

"செத்தது நான்தானே அண்ணை. நான் சொல்லுறன், வைக்கலாம்."

"செத்த ஆள் சொல்லி என்ன? ஊர் சொல்ல வேணும். முப்பத்தோராம் நாள் முடிஞ்ச அடுத்த நாள் தாராளமா வையுங்கோ."

முப்பத்தோராம் நாள் ஓகஸ்ட் ஒன்பது. அடுத்த நாள் விடியத்தான் ஜெயசுதனின் பயணம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உரும்பிராயில் மூன்று பேரும் வெங்காயச் சாக்குகளுக்கு நடுவில் இருந்தார்கள். கோயில் சிறுவர் பாடகர் குழுவிடம் இரவல் வாங்கிய கீபோட்டில் பிரியந்தினி வாசித்தாள். கடல் வரவேண்டிய இடத்தில் அது ஐஸ்கிறீம் வான் மாதிரிக் கத்தியது. ஜெயசுதன் அடிப்பதை நிறுத்திவிட்டான்.

"போகட்டும் பிரியா," என்றான். "ருமேனியாவாலை வந்தாப் பிறகு பாப்பம்."

"எப்ப வருவாய்?"

அவன் தடிகளைச் சாக்கின் மேல் வைத்தான். போனவர்கள் எப்போது வருவார்கள் என்று அந்த மூன்று பேருக்கும் தெரியும்.

"ராவிலை ஏறி, கண்ணாடியை உடைச்சுக் கொண்டருவமே?" என்றான் சிமியோன்.

பிரியந்தினிக்கு அப்போதுதான் கோபம் வந்தது. அதுவரை இருந்தது குழப்பம். ஏதோ நான்தான் பிழையாக விளங்கிக்கொண்டேன் என்ற நினைப்பு. கறண்ட் போனதைக் கறண்ட் போனதென்று எழுதினதற்குப் பூச்சியம் வாங்கியவள் அவள். உயிரோடு இருப்பதற்கு ஊரிடம் அனுமதி கேட்டவள் அவள். எல்லாம் ஒன்றாக நெஞ்சுக்குள் எழும்பியது.

"என்ரை சாமானை நான் ஏன் களவெடுக்க வேணும்?" என்றாள். "எல்லாருக்கும் முன்னாலை, பகலிலை, எடுப்பன்."

ஒன்பதாம் திகதி நல்லூர் மண்டபத்தில் இரண்டாங்காலத்தின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் நினைவு மலர் வெளியீடும். நடத்தியது தோற்ற அணி. ஆனாலும் மலர் வெளியிடத் தலைவர் வேண்டுமே, தியாகலிங்கமே தலைமை. மத்தியானம் வெள்ளைச் சோறும் பாயசமும் என்று கேள்விப்பட்டு முதற்காலத்தாரும் துக்கத்தோடு வந்திருந்தார்கள். முன்வரிசையில் "துயருற்ற குடும்பத்தினர்" என்று மட்டை ஒட்டிய மூன்று கதிரைகளில் பிரியந்தினியையும் ஜெயசுதனையும் சிமியோனையும் இருத்தினார்கள். மேடை நடுவில் கண்ணாடிப் பெட்டியோடு கீபோட், முன்னால் குத்துவிளக்கு. வெளியே, மதிலோரம், ஜெயசுதனின் லான்ட்மாஸ்ரர், அந்த இரண்டு சில்லு உழவு மெசின், நின்றது. வெங்காயம் ஏற்றும் அதன் பெட்டியில் ட்றம்ஸ், பேஸ் கிற்றார், ஸ்பீக்கர், தோட்டத்து ஜெனறேற்றர்.

மலர் கையில் தரப்பட்டது. "அன்னார் கீபோட் வாசிப்பதில் வல்லவராகத் திகழ்ந்தார்," என்று தன்னைப் பற்றி வாசித்தாள் பிரியந்தினி.

சோறு முடிந்து, உரைகள் தொடங்கி, பின்னேரம் ஐந்தரைக்குத் தலைவரின் முறை வந்தது. மணியை மேசையில் வைத்துவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"அவையோர்களே, எனது உரையைச் சுருக்கமாகவே அமைத்துக்கொள்கிறேன். அண்மைக் காலமாக ஒரு கவலைக்கிடமான செய்தி எனது காதுக்கு எட்டியுள்ளது. இக்குழுவினர் மீண்டும் பாட்டுச் செய்கிறார்களாம். நான் கேட்கிறேன்: ஒரு குழு பாடிக்கொண்டே இருந்தால், நாங்கள் எப்போது தீர்மானிப்பது? எங்களுடைய ஆய்வுக்கு இதுவரை பெரிய இடையூறாக இருப்பது எது? கலைஞர்கள் உயிரோடு இருப்பதுதான். இதை நான் எவ்விதக் காழ்ப்புணர்ச்சியும் இன்றிச் சொல்கிறேன். அவர்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார்கள். இனி அது எங்களுடையது. அன்னார்களின் ஆத்மா சாந்தியடைய அவர்கள் ஒத்துழைக்க வேண்டும்."

கைதட்டல் அடங்கவில்லை. அதற்குள் பிரியந்தினி மேடையில் நின்றாள். பிளாஸ்ரிக் மாலையைக் கழற்றி மேசையில் வைத்தாள். கண்ணாடிப் பெட்டிக்குப் பூட்டே இல்லை. ஐந்து வருடமாக அதை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை என்பதுதான் அதன் பூட்டு. மூடியைத் தூக்கி இறக்கினாள். சேலைத் தலைப்பால் சந்தனத்தைத் துடைத்தாள்.

"பிள்ளை, என்ன செய்யிறீர்? உது சர்ச்சைக்குரிய பொருள்!"

"ஓம் ஐயா. நானும்தான்."

சிமியோன் ஸ்பீக்கரைத் தோளில் கொண்டுவந்து இறக்கினான். மேடையில் பிளக் போட ஒரு இடம்தான் இருந்தது. அதில் தலைவரின் ஒலிவாங்கி செருகப்பட்டிருந்தது. பிரியந்தினி அதைப் பிடுங்கினாள். தலைவரின் குரல் "யாப்பின் இருபத்திரண்டாம்" என்ற இடத்தில் சின்னதாகிப் போயிற்று.

பிறகு அவள் வாசித்தாள்.

உப்பாறு ஐந்தில் வந்தது. ஐந்து வருடமாகப் பெட்டிக்குள் கிடந்த ஒலிகள் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அவள் எப்படி விட்டாளோ அப்படியே இருந்தன. அவளுக்கு அழுகை வந்தது. வந்தாலும் விரல் நிற்கவில்லை. மண்டபத்தில் சிலர் எழுந்து கத்தினார்கள். இது முதற்காலத்தின் சாயல் என்றார் ஒருவர். இரண்டாங்காலத்தின் அப்பட்டமான தொடர்ச்சி என்றார் இன்னொருவர். வாசலோரத்தில் பிரவீணன் கதிரையில் ஏறி நின்று, இதற்கு விதை எங்கே போடப்பட்டதென்று இப்போதாவது சொல்லுங்கள் என்றார். பின்வரிசையில் இருந்த இளம் ஆட்கள் மட்டும் ஒன்றும் சொல்லாமல் முன்னால் நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

நாலாவது நிமிடத்தில் எல்லாம் பொத்தென்று நின்றது. விளக்கு, மின்விசிறி, கீபோட், எல்லாம்.

மூடிய யன்னல்களோடு மண்டபம் மங்கலாகக் கிடந்தது. ஒரு சத்தமில்லை. பிறகு, முதல் வரிசையிலிருந்து தொடங்கி, சபை எழுந்து நின்றது. சிலர் கைகூப்பினார்கள். தலைவர் கைக்கடிகாரத்தை முகத்துக்குக் கிட்டப் பிடித்தார். மூன்று வருடம் படிப்பித்த மௌனம் அவர் கண் முன்னாலேயே நிகழ்கிறது. "இழப்பு," என்று அவர் உதடு அசைந்தது. கொஞ்சம் கழித்து "ஏற்பு". முப்பது தாண்டியதும் அவருடைய கண் கலங்கியே விட்டது. முப்பத்தொன்பது. நாற்பது. நாற்பத்தொன்று. சபை மூச்சை உள்ளே இழுத்தது.

நாற்பத்திரண்டும் வந்தது. நாற்பத்தாறும் வந்தது. தலைவர் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். சபையில் ஒரு பீதி பரவியது. இது எந்தக் காலத்திலும் இல்லாத மௌனம்.

"கறண்ட் போயிட்டுது!" என்று முன்வரிசையிலிருந்து ஜெயசுதன் கத்தினான். "வா பிரியா, வெளியிலை ஜெனறேற்றர் இருக்கு!"

கீபோட்டுக்குச் சிமியோன் ஒரு நுனி, பிரியந்தினி ஒரு நுனி, ஸ்பீக்கர் ஜெயசுதன் தோளில். கண்ணாடிப் பெட்டி மேடையில் வெறுமையாக நின்றது. பின்னால் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

தெருவில் இன்னும் வெளிச்சம் இருந்தது. லான்ட்மாஸ்ரர்ப் பெட்டியின் பின்பலகையை இறக்கினார்கள். ஜெனறேற்றர் இரண்டுதரம் இருமி, மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டது. ஜெயசுதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ட்றம்ஸுக்குப் பின்னால் ஏறினான். "முதலிலை இருந்தோ?"

"முதலிலை இருந்துதான்," என்றாள் பிரியந்தினி.

ரியூசன் விட்டுச் சைக்கிளில் வந்தவர்கள் காலை ஊன்றி நின்றார்கள். கடைக்காரர்கள் கடை வாசலுக்கு வந்தார்கள். கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் அர்ச்சனைத் தட்டோடு நின்றுவிட்டது. எட்டு நிமிடமாகச் சொல் வரவில்லை, ஒருவரும் போகவுமில்லை.

அப்போதுதான் தாரிகா குறிப்பேட்டோடு ஓடி வந்தாள். "அக்கா, இந்தப் பாட்டு நடக்கேல்லையெண்டு உள்ளுக்கை தீர்மானம் எடுக்கினம். ஆனால் தீர்மானம் எடுக்க இருபத்தஞ்சு பேர் வேணும், இருபத்திநாலு பேர்தான் நிக்கினம். ஒராளைக் கூட்டிக்கொண்டு வரட்டாம் ஐயா."

"அப்ப கூட்டிக்கொண்டு போமன்," என்றாள் பிரியந்தினி, கையை எடுக்காமல்.

தாரிகா கூட்டத்தைப் பார்த்தாள். உப்பாறு முடிந்து கடல் ஏழில் எழும்பிக்கொண்டிருந்தது. குறிப்பேட்டை மூடி மதிலில் வைத்துவிட்டு நின்றாள். அவளைத் தேடி ஒரு உபதலைவர் வந்தார். அவர் திரும்பிப் போகவில்லை. அவரைத் தேடி மற்ற உபதலைவர் வந்தார். பிறகு மூன்று பேராக, நாலு பேராக, ஆளைக் கூட்டிப்போக வந்தவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பிரவீணன் தன் கதிரையையும் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். இந்தமுறை எல்லோருக்கும் நடுவில்.

பதினெட்டாம் நிமிடமளவில் மண்டப வாசலில் தலைவர் தியாகலிங்கம் தனியாகத் தோன்றினார். கையில் மணி. சனம் தானாக வழிவிட்டது. லான்ட்மாஸ்ரர் அருகில் வந்து நின்று, அவளை அண்ணாந்து பார்த்தார். ஐந்து வருடத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு கேள்வி இருந்தது. ஆனால் வாயில் வந்தது பழையதுதான்.

"பிள்ளை, கூட்டம் இன்னும் முடியேல்லை!"

ஐந்தும் ஏழும் முட்டப் போகும் இடம். பிரியந்தினி சத்தத்தை இன்னும் கூட்டினாள்.

"பாட்டும் முடியேல்லை ஐயா! தள்ளி நில்லுங்கோ, வயரை மிதிக்கிறியள்!"